இ-புக்கா, அச்சா, இலவசமா: எல்லையோரக் கல்லூரி நூலகம் எதில் பணம் போடுவது?

நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போது கல்லூரி நூலகக் கமிட்டிகளில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும்: இந்த வருஷப் பணத்தை அச்சுப் புத்தகத்தில் போடுவதா, இ-புக்கில் போடுவதா? பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் நூலகம் பார்க்கும் எங்களுக்கு அந்தக் கேள்வியில் இன்னொரு முடிச்சும் உண்டு. எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் தமிழில். கல்லூரியில் வணிகவியலும் பொருளியலும் ஆங்கிலத்தில். ஆபீஸ், அறிவிப்புப் பலகை, பஸ் போர்டு எல்லாம் மலையாளத்தில். சிலர் வேலந்தாவளம், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறார்கள். இ-புக் கம்பெனிகள் அனுப்பும் ஒப்பீட்டு அட்டவணைகள் எதிலும் இந்தப் பிள்ளைகள் கிடையாது. அதனால்தான் தனியாக ஒரு ஒப்பீடு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தகம் ஒன்றுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டால் தப்பான இடத்தில்தான் போய் நிற்போம். பரீட்சைக்கு முந்தைய வாரம், ராத்திரி ஒன்பது மணிக்கு, வீட்டிலிருந்து, கையில் இருக்கும் போனில், எத்தனை பேர் ஒரே சமயத்தில் அந்தப் புத்தகத்தைத் திறக்க முடியும்? இதுதான் கணக்கு. இந்தக் கணக்கில் பளபளப்பான பேக்கேஜ்கள் பலவும் சரிந்துவிடுகின்றன. பழையது என்று ஒதுக்கும் சில வழிகள் மேலே வருகின்றன.

காசு கொடுத்தால் கையில் வருவது என்ன

அச்சுப் புத்தகம் வாங்கினால் அது நம்முடையது. பதிவேட்டில் எண் போட்டு அலமாரியில் வைத்த பிறகு நூறு பேருக்குக் கொடுத்தாலும் பதிப்பாளர் கேட்க முடியாது. இ-புக்கில் நாம் வாங்குவது லைசென்ஸ், அதாவது இன்னின்ன நிபந்தனைக்கு உட்பட்டு இத்தனை பேர் படிக்கலாம் என்ற அனுமதிச் சீட்டு. ஒரே நேரத்தில் ஒருவர், ஒரே நேரத்தில் மூவர், எத்தனை பேர் வேண்டுமானாலும், அல்லது வருஷத்துக்கு இத்தனை தடவை என்று அது பல ரகம். ஒரே புத்தகத்துக்கு ரகத்துக்கு ஒரு விலை.

விலை எப்படிப் போகும் என்பதற்கு இங்கிலாந்துக் கதையைப் பார்க்கலாம். 2020-இல் கொரோனா வந்து பல்கலைக்கழக நூலகங்கள் பூட்டிக் கிடந்தபோது, அங்குள்ள நூலகர்கள் பகிரங்கக் கடிதம் எழுதி, இ-புக் விலையை விசாரிக்கச் சொல்லி இயக்கமே நடத்தினார்கள். அப்போது அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்று: அச்சில் 44 பவுண்டுக்குக் கிடைக்கும் பொருளியல் புத்தகம், ஒருவர் மட்டும் படிக்கும் இ-புக்காக 423 பவுண்டு, மூன்று பேர் படிக்க 500 பவுண்டு. அச்சைப் போலக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு விலை, வாசகர் ஒருத்தர்.

இதோடு இந்தியாவுக்கு மட்டும் உள்ள ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும். அதை மறந்துவிட்டு வெளிநாட்டு வாதங்களை அப்படியே எடுத்துப் பேசுகிறவர்கள் அதிகம். பெரிய பதிப்பாளர்கள் பலரும் பாடப்புத்தகங்களுக்கு இந்தியப் பதிப்பு போடுகிறார்கள். தாள் மட்டமாக இருக்கலாம், அட்டையில் ‘இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு’ என்று அச்சிட்டிருக்கும், விலை மட்டும் நம் சட்டைப்பைக்கு எட்டும். இ-புக்கில் இந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது. தளங்கள் டாலரிலோ பவுண்டிலோதான் விலை சொல்கின்றன. ஒரு பேச்சுக்கு இந்தியப் பதிப்பு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பிரதி 6,000 ரூபாய். அதே புத்தகத்தின் ஒருவர் லைசென்ஸ் 150 டாலர் என்றால் ரூபாயில் 12,000-ஐத் தாண்டிவிடும், வரி தனி. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அச்சு வடிவம் உள்ள இ-புக்குகளுக்கான வரியை 2018 ஜூலையில் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். நல்ல காரியம், ஆனாலும் சுழி ஆகவில்லை. அறுபது பேர் வகுப்பில், 6,000 ரூபாய்க்குப் பத்துப் பேர் ஒரே ராத்திரியில் படிக்கலாம், 12,000-க்கு ஒருத்தர்.

ஒருவர் லைசென்ஸ் வேலை செய்யும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். முதல் பிள்ளை திறந்துவிட்டு, மூடாமல் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடும். இரண்டாவது பிள்ளை திறந்தால் ‘இந்தப் புத்தகம் இப்போது பயன்பாட்டில் உள்ளது, வரிசையில் சேரவும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும். அந்தப் பெட்டியைப் பார்த்த பிள்ளைகள் பலரும் ‘நம்ம காலேஜ் லாகின் வேலை செய்யலை’ என்று முடிவு கட்டி அப்புறம் அந்தப் பக்கமே வருவதில்லை. நமக்கு வரும் பயன்பாட்டு அறிக்கையில் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு என்று தனிக் கட்டம் உண்டு. பல தளங்கள் பின்பற்றும் ‘கவுன்ட்டர்’ அளவீட்டு முறையில் அது இருக்கிறது. ஏஜென்ட் தரும் வண்ணப் படத்தில் அந்தக் கட்டம் இருக்காது. கேட்டு வாங்க வேண்டும்.

போதாக்குறைக்குப் பாடப்புத்தகங்களில் பலவற்றை நூலகங்களுக்கு இ-புக்காக விற்பதே இல்லை. மாணவர் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்கினால் லாபம் என்று பதிப்பாளருக்குத் தெரியும். எதற்கு அதிகம் கேட்பு இருக்கிறதோ, அதுதான் பட்டியலில் இல்லாமல் இருக்கும்.

ஒற்றை இ-புக்கே வாங்கக் கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இந்தியப் பதிப்பு வராத ஆய்வு நூல், அச்சில் ஏழாயிரம் எட்டாயிரம் விலை சொல்லும் தொகுப்பு நூல், ஒரு துறையே வருஷத்தில் நாலைந்து முறைதான் தொடும் புத்தகம், இவற்றுக்கு நிரந்தர லைசென்ஸ் சரியான வழி. பதிப்பாளரின் சொந்தத் தளத்தில் நேரடியாக வாங்கினால், நகலெடுக்க விடாமல் தடுக்கும் பூட்டு எதுவும் இல்லாமல், எத்தனை பேரும் படிக்கும்படி, அத்தியாயம் அத்தியாயமாக இறக்கிக்கொள்ளும்படி கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பல பதிப்பாளர்களின் நூல்களை வைத்து விற்கும் இடைத்தரகர் தளத்தில் அதே புத்தகம் ஒருவர் லைசென்ஸோடு வரும். இரண்டு இடத்திலும் கேட்டுப் பார்க்காமல் ஆர்டர் போடுவது வீண்.

ஆண்டுச் சந்தா

‘ஒரு லட்சம் இ-புக், ஒரே சந்தா’ என்று வருகிற பேக்கேஜ் கமிட்டிக்கு உடனே பிடித்துவிடும். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது காட்ட எண்ணிக்கை கிடைக்கும் என்பது ஒரு காரணம். அதைச் சொல்லிக் காட்டுவதில் யாருக்கும் வெட்கமும் இல்லை. பேக்கேஜின் உண்மையான நல்ல குணம் வேறு: பெரும்பாலும் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம். என் கணக்குப்படி அது பெரிய விஷயம்தான்.

ஆனால் அந்த லட்சத்தில் நம் சிலபஸுக்கு ஒட்டியது எத்தனை? தலைப்புப் பட்டியலை எக்ஸல் கோப்பாகக் கேளுங்கள். கேரளாவில் 2024-25-இல் தொடங்கிய நான்கு வருஷ டிகிரியின் பாடத்திட்டத்தில் உள்ள வாசிப்புப் பட்டியலோடு பொருத்திப் பாருங்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. பேரம் பேசப் போகும்போது கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தக் காகிதம்.

பேக்கேஜில் உள்ள புத்தகம் நாளைக்கும் அதே இடத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 2022 ஆகஸ்ட் கடைசியில், மேலை நாட்டுக் கல்லூரிகள் திறக்கிற நேரம் பார்த்து, விலே பதிப்பகம், இடைத்தரகரான புரோக்வெஸ்ட் நிறுவனத்தின் சந்தாத் தொகுப்பிலிருந்து ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட புத்தகங்களை எடுத்துவிட்டது. பாடத்திட்டத்தில் அவற்றைச் சேர்த்து வைத்திருந்த பேராசிரியர்கள் கூச்சல் போட்ட பிறகு, அந்தக் கல்வியாண்டு மட்டும் திரும்பக் கொடுத்தார்கள்.

சந்தா வேண்டாம், நிரந்தரமாகவே வாங்கிக்கொள்ளலாம் என்றால் அந்தக் கதவும் சாத்தப்படுகிறது. புரோக்வெஸ்ட்டை வைத்திருக்கும் கிளாரிவேட் நிறுவனம், ஒருமுறை காசு கொடுத்து நிரந்தரமாக வாங்கும் வழியை நிறுத்திவிட்டு இனிச் சந்தா மட்டும்தான் என்று 2025 பிப்ரவரியில் அறிவித்தது. உலகம் முழுக்க நூலகர்கள் எதிர்த்ததால் கெடுவை 2026 ஜூன் வரை தள்ளி வைத்தது. முடிவை மாற்றவில்லை, தேதியைத்தான் மாற்றியது. ஆகவே அந்த மாதிரி இடைத்தரகர் தளத்தை நம்பி வருங்காலத் தொகுப்பைக் கட்ட நினைக்கிறவர்கள், பதிப்பாளர்களிடம் நேரே போகும் பாதையை இப்போதே பார்த்து வைப்பது நல்லது.

சந்தாவில் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று உண்டு. புத்தகம் வாங்க வரும் திட்ட நிதி, மார்ச் 31 தாண்டினால் காலாவதி. அந்தப் பணத்தில் வாங்கியதற்குப் பதிவேட்டில் எண் காட்டச் சொல்வார்கள் ஆடிட்டில். சந்தாவுக்கு எந்த எண்ணைக் காட்டுவது? அடுத்த வருஷம் நிதி வராவிட்டால், இந்த வருஷம் கட்டிய காசுக்கு ஒரு பக்கம்கூட மிஞ்சாது. வருஷா வருஷம் நிச்சயமாக வருகிற வரவு எதுவோ, மாணவர்களிடம் வாங்கும் நூலகக் கட்டணமோ பெற்றோர் ஆசிரியர் சங்க (பி.டி.ஏ.) நிதியோ, அதிலிருந்து மட்டும்தான் சந்தா கட்ட வேண்டும். வருமா வராதா என்று தெரியாத திட்ட நிதியில் சந்தா எடுக்கிற நூலகம் அடுத்த ஏப்ரலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

வாசகர் திறந்தால் மட்டும் கட்டணம் என்ற முறை, ஒரு தொகையை முன்பணமாகக் கட்டி வருஷம் முழுக்க எல்லாவற்றையும் திறந்து வைத்துக் கடைசியில் அதிகம் படித்ததை மட்டும் சொந்தமாக்கும் முறை, இரண்டும் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு நன்றாக வேலை செய்யலாம். முதலாவதில் செலவு எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நம் கஜானா அதற்கு ஒத்துவராது. இரண்டாவதில் முன்பணமே நம் மொத்தப் பட்ஜெட்டைத் தாண்டும். கல்லூரி அளவில் இரண்டையும் விட்டுவிடலாம்.

அரசாங்க வழி

காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற அரசு மையம் கல்லூரிகளுக்காக நடத்தும் மின்நூல் திட்டமான என்-லிஸ்ட்டில் சேராத கலை அறிவியல் கல்லூரி இன்னமும் இருந்தால் மற்ற பேச்சையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அதில் சேர வேண்டும். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். உதவி பெறாத கல்லூரிகளுக்கு 30,000-மும் ஜிஎஸ்டியும். பொறியியல், மருத்துவம், வேளாண்மைக் கல்லூரிகளுக்கு இது இல்லை. இந்தச் சிறு தொகைக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இ-புக்குகள் திறக்கின்றன. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு போன்றவற்றின் ஆய்வு நூல்களும் அதில் உண்டு.

என் அளவுகோலில் இது முதலிடம் பிடிக்கக் காரணம் எண்ணிக்கை அல்ல. ஒவ்வொரு மாணவருக்கும் தனி ஐடி, தனிப் பாஸ்வேர்ட். கல்லூரி வளாகத்துக்குள் இருந்தால்தான் திறக்கும் என்ற கட்டுப்பாடு இல்லை. மற்ற பல தளங்கள் வளாகத்து ஐ.பி. முகவரியைப் பார்த்துத்தான் கதவு திறக்கும். மாலை நான்கரைக்குக் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கும் பிள்ளைக்கு அந்தக் கதவு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வெளியிலிருந்து திறக்கும் வசதிக்குத் தனி மென்பொருள் வாங்கச் சொல்வார்கள், அதற்கு ஒரு விலை. என்-லிஸ்ட்டில் அந்தச் செலவு மிச்சம்.

குறைகளும் உண்டு. ஜூலையில் சேர்ந்த பிள்ளைக்கு ஐடி உருவாக்கிக் கொடுப்பது நூலகரின் வேலை. பெயரும் மின்னஞ்சலும் தப்பில்லாமல் பட்டியல் தயாரித்து ஏற்ற வேண்டும். பலர் பத்தாம் வகுப்பில் யாரோ திறந்து கொடுத்த மின்னஞ்சலை எழுதித் தருவார்கள். பாஸ்வேர்ட் அதில் போய் விழும், அதைத் திறக்க அவர்களுக்கே தெரியாது. முதல் செமஸ்டரிலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி, வகுப்பிலேயே எல்லோரையும் ஒருமுறை உள்ளே நுழைய வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்குப் பணம் வேண்டாம், ஆள் வேண்டும். எத்தனை கல்லூரிகளில் நூலகருக்கு உதவியாளர் இருக்கிறார் என்று கேட்டுவிடாதீர்கள்.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்துவிட்டதே, இனி எதற்கு மற்றது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 2024 நவம்பர் 25-இல் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட திட்டம் அது. 2025 முதல் 2027 வரை மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், கிட்டத்தட்ட 13,000 இதழ்கள், அரசு நடத்தும் 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். இதில் கவனிக்க வேண்டியது, அது ஆய்விதழ்களுக்கான சந்தா. புத்தகத்துக்கு அல்ல. ஆராய்ச்சி மாணவருக்குப் பெரிய வரம், பி.காம். இரண்டாம் வருஷப் பிள்ளைக்குக் காஸ்ட் அக்கவுண்டிங் பாடப்புத்தகம் அதில் கிடைக்காது. ஆய்விதழுக்குத் தனியாகச் செலவழித்துக்கொண்டிருந்த அரசுக் கல்லூரி, அந்தத் தொகையைப் புத்தகத்துக்குத் திருப்பலாம். அந்த விதத்தில்தான் இது நம் கணக்குக்குள் வருகிறது.

இலவசம் என்றால் எளிது என்று அர்த்தமில்லை

ஆங்கிலப் பாடங்களுக்குத் திறந்த அணுகல் நூல்கள், அதாவது யாரும் காசில்லாமல் இணையத்தில் படிக்கக்கூடியவை, இப்போது கணிசமாக இருக்கின்றன. ‘டைரக்டரி ஆஃப் ஓபன் ஆக்சஸ் புக்ஸ்’ என்ற அட்டவணை 2012 முதல் நடக்கிறது. மதிப்பாய்வு செய்த ஆய்வு நூல்களை மட்டும் அதில் சேர்க்கிறார்கள். லண்டனின் யூ.சி.எல். பிரஸ், கேம்பிரிட்ஜில் உள்ள ஓபன் புக் பப்ளிஷர்ஸ் ஆகியவை தங்கள் நூல்களை இலவசமாகவே இணையத்தில் வைக்கின்றன. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓபன்ஸ்டாக்ஸ், 2012 முதல் முதலாண்டு, இரண்டாமாண்டுப் பாடப்புத்தகங்களை வெளியிடுகிறது. இயற்பியல், உயிரியல், பொருளியல், புள்ளியியல் எல்லாம் தரமானவை. உதாரணங்கள் அமெரிக்காவுடையவை, டாலரிலும் அவர்கள் வரிச்சட்டத்திலும் பேசும். இயற்பியலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல, வணிகவியலுக்குப் பெரிய இடைஞ்சல்.

இவற்றுக்கு லைசென்ஸ் எண்ணிக்கை இல்லை, வரிசை இல்லை, லாகின் இல்லை. இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாத இடத்திலும் படிக்கலாம். என் அளவுகோலில் முழு மதிப்பெண். ஆனால் நம் நூலக அட்டவணையில் இல்லாத புத்தகம் மாணவருக்கு இல்லாத புத்தகம்தான். கோஹா என்ற நூலக மென்பொருளில் ஒவ்வொன்றுக்கும் பதிவு போட்டு, இணைப்பு கொடுத்து, எந்தத் தாளுக்கு எந்த அத்தியாயம் என்று ஆசிரியரிடம் கேட்டுக் குறித்து வைக்க வேண்டும். ஒரு துறைக்கு இருபது புத்தகம் அப்படித் தேர்ந்து சேர்த்தால், யாரும் எட்டிப் பார்க்காத லட்சம் புத்தகப் பேக்கேஜை விட அது அதிகம் ஓடும்.

தமிழ்த் துறைக்கு வருவோம். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் முதுகலை இருக்கிறது, திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறை இருக்கிறது. ஆக, பாலக்காட்டிலும் திருவனந்தபுரத்திலும் தமிழில் ஆய்வு நடக்கிறது. இவர்களுக்கு எல்லைக்கோடு தெரியாத இலவசச் சொத்து நிறைய. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு வரை, படமாக இல்லாமல், தட்டச்சு செய்த எழுத்தாகவே கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களும் இதழ்களும் படமாகக் கிடைக்கின்றன. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளைக் காசு கொடுக்காமலே எடுத்துக்கொள்ளலாம். இன்ஃப்ளிப்நெட்டின் ஆய்வேட்டுக் களஞ்சியமான ஷோத்கங்காவில் தமிழ் ஆய்வேடுகள் ஏராளம், பல முழுமையாக இருக்கின்றன. தமிழ் முதுகலை மாணவருக்கு எந்தச் சந்தாவையும் விட இவை மேல். அதே ஆய்வேட்டை இன்னொருவர் அப்படியே எடுத்து வைத்தால் பிடிப்பதும் இதனால் எளிதாகிவிட்டது என்பது உப லாபம்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்றால், இன்று எழுதப்படும் தமிழ் ஆய்வு நூலில். மொழியியல், நாட்டார் வழக்காறு, தமிழில் வெளிவரும் வரலாறு, சமூகவியல், இவற்றைப் போடும் பதிப்பகங்களில் பல தம் நூல்களைக் கிண்டிலில் தனி வாசகருக்கு விற்கின்றன. அந்த லைசென்ஸ் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். நூலகம் ஒரு கிண்டில் கருவியை வாங்கி, அதில் நூறு புத்தகம் ஏற்றி, மாணவருக்கு இரவல் கொடுப்பது அந்த நிபந்தனைக்குள் அடங்காது. நூலகத்துக்கு என்று தமிழ் இ-புக் விற்கும் ஏற்பாட்டை ஏறக்குறைய எவரும் செய்யவில்லை. மலையாளத்துக்கு 1968 முதல் கேரள பாஷா இன்ஸ்டிட்யூட் கல்லூரி நிலைப் புத்தகங்கள் போடுகிறது. தமிழ்வழிப் பிள்ளைக்குக் கேரளாவுக்குள் அப்படி ஒன்று இல்லை. ஆகவே தற்காலத் தமிழ் ஆய்வு நூலுக்கு இன்றைக்கு அச்சுதான் வழி. கோயம்புத்தூர் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

திறந்தது, ஆனால் படிக்க முடியவில்லை

எட்டுதல் என்பதில் இன்னொரு பாதி, பார்வை இல்லாத மாணவர். ஆங்கில இ-புக் விஷயத்தில் நிலைமை மேம்பட்டு வருகிறது. ஐரோப்பாவின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் இ-புக்குகளுக்கும் பொருந்துவதால், அங்கே விற்கும் பதிப்பாளர்கள் திரைவாசிப்பானுக்கு (திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) ஒத்துப்போகும் ஈபப் என்ற இ-புக் வடிவக் கோப்புகளுக்கு மாற வேண்டியிருக்கிறது. அதன் பலன் நமக்கும் கிடைக்கும். கொட்டேஷன் கேட்கும்போதே ‘ஈபப் வடிவம் உண்டா, திரைவாசிப்பானில் படிக்குமா’ என்று எழுதிக் கேட்பது நல்லது.

தமிழ்க் கோப்புகளில்தான் வேதனை. மின்னூலகத்தில் உள்ள படப் பிடிஎஃப்களில் எழுத்தே கிடையாது. திரைவாசிப்பான் ‘வெற்றுப் பக்கம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்த குப்பை விழும். ஒருங்குறியில் (யூனிகோடில்) செய்த பிடிஎஃப்பிலும் தொல்லை தீராது. ‘கொற்றவை’ என்று தேடினால் கிடைக்காது. உள்ளே அது ‘ெகாற்றைவ’ என்று கிடக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரிவதால் பதிப்பாளருக்கே இது தெரியாது. அதே புத்தகம் மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்த எழுத்தாக இருந்தால் தேடலாம், பெரிதாக்கலாம், என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானில் கேட்கலாம். போனின் சின்னத் திரையில் படிக்கிற எல்லோருக்கும் அதுதான் வசதி. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பைப் போனில் இடதும் வலதுமாக இழுத்து இழுத்துப் படிப்பவர் இரண்டாம் பக்கத்தைத் தாண்டுவதில்லை.

சட்டம் இங்கே நூலகத்தின் பக்கம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த திருத்தப்படி, மாற்றுத்திறனாளி படிக்கும் வடிவத்துக்கு ஒரு நூலை லாப நோக்கம் இல்லாமல் மாற்றித் தரலாம். பதிப்பாளரின் அனுமதி தேவையில்லை. 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயம் என்ற இணைய நூலகத்தில் அப்படி மாற்றிய நூல்கள் சேர்கின்றன. அங்கே இல்லாவிட்டால், அலமாரியில் உள்ள அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரியில் போட்டுப் பிழை திருத்திக் கொடுக்கலாம். ஒரு நல்ல ஸ்கேனர் வாங்குவதை நான் புத்தகச் செலவாகவே கருதுவேன்.

அச்சும் ஜெராக்ஸும்

அச்சுப் புத்தகத்தின் பெருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலவீனம் ராத்திரி நேரத்தில் நூலகம் பூட்டியிருப்பது. அதற்கு மருந்து: ஒரே புத்தகத்தில் பல பிரதி, அதில் இரண்டை ஒருநாள் இரவல் மட்டும் என்று தனியாக வைப்பது, அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுக்க விடுவது.

ஜெராக்ஸ் என்றதும் சில முதல்வர்கள் பயப்படுகிறார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் மூன்றும் சேர்ந்து 2012-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீது போட்ட வழக்கில், பாடம் நடத்தும் தேவைக்காகப் புத்தகப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் அடங்கும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் சொல்லிவிட்டது. மேல்முறையீட்டு அமர்வும் இத்தனை சதவீதம்தான் என்று வரம்பு கட்டவில்லை; பாடத்துக்குத் தேவையா என்பதே கேள்வி என்றது. 2017 மார்ச்சில் பதிப்பாளர்கள் வழக்கையே வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். ஆக, ஒரு பேராசிரியர் பாடத்துக்குத் தேவையான அத்தியாயங்களைத் தொகுத்து வகுப்புக்குக் கொடுக்கலாம். இ-புக்கில் இந்தச் சுதந்திரம் லைசென்ஸ் ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்ளும்: இவ்வளவு பக்கம்தான் பிரின்ட், இறக்கியது இத்தனை நாளில் தானே அழியும், படிக்கத் தனிச் செயலி வேண்டும். சட்டம் தந்ததை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம்.

பணத்தைப் பிரிக்கும்போது

புத்தகத்துக்கு வருஷம் இரண்டு லட்சம் ரூபாய் கிடைக்கும் ஒரு அரசுக் கல்லூரி என்று வைத்துக்கொண்டால், நான் இப்படித்தான் பிரிப்பேன். முதலில் என்-லிஸ்ட், மாணவர் கட்டணத்திலிருந்து. திட்ட நிதியில் ஒரு லட்சத்து இருபதாயிரம் அளவுக்கு அச்சு: அதில் பெரும்பகுதி இந்தியப் பதிப்புப் பாடப்புத்தகங்களில் பல பிரதி, மீதி தற்காலத் தமிழ் ஆய்வு நூல்கள். ஐம்பதாயிரம் போல, துறைகள் எழுதிக் கேட்ட ஆங்கில ஆய்வு நூல்களுக்கு நிரந்தர இ-புக் லைசென்ஸ். எத்தனை பேரும் படிக்கலாம், பூட்டு இல்லை என்றால் மட்டும். மிச்சம் ஸ்கேனருக்கு. சந்தாப் பேக்கேஜ் எதுவும் இல்லை. பல்கலைக்கழக அளவில், ஆயிரம் ஆராய்ச்சி மாணவர் உள்ள இடத்தில் இந்த விகிதம் தலைகீழாகலாம். அங்கே அதிகம் பேர் தொடாத புத்தகங்களே அதிகம் தேவை.

அந்த ஐம்பதாயிரத்துக்குக் கொட்டேஷன் கேட்கும் கடிதத்தில், விலையைக் கேட்பதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர்? வளாகத்துக்கு வெளியே தனிக் கட்டணம் இல்லாமல் திறக்குமா? தளம் மூடினாலோ கை மாறினாலோ கோப்பு நம் கைக்கு வருமா? தளப் பராமரிப்பு என்று வருஷா வருஷம் தனியாக ஏதாவது உண்டா? திருப்பி அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கையை மாதா மாதம் தருவார்களா? கடைசியாகச் சொன்னதற்குப் பதில் வராத ஏஜென்டின் விலையைப் பிரித்துப் பார்ப்பதே நேரக்கேடு.

தமிழ்ப் பதிப்பகங்களிடமும் இதே கடிதத்தைச் சின்னதாக்கி அனுப்பலாம். அச்சில் ஐந்து பிரதி வாங்குகிறோம், ஈபப் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள், எங்கள் கல்லூரி மாணவருக்குள் மட்டும் பயன்படுத்துகிறோம், இதற்கு என்ன கூடுதல் தொகை என்று கேட்டால், இதுவரை யாரும் கேட்காத கேள்வி என்பதால் அவர்களுக்கும் விலை தெரியாது. சித்தூர், பாலக்காடு, திருவனந்தபுரம் என்று கேரளாவுக்குள் தமிழ் படிக்கும் இடங்கள் கையில் எண்ணக்கூடியவைதான். அவற்றின் நூலகங்கள் சேர்ந்து ஒரே கடிதமாக ஜனவரிக்குள் எழுதினால், மார்ச்சுக்குள் பில் போட்டு முடிக்க நேரம் இருக்கும்.